கந்தளாய்க் குளமும் பணிப் பகிர்வும்

பெருகி வருவதைத் தேக்குதல் ஒரு திறன். தேக்கியதை உரியவர்க்கு உரியவாறு பகிர்தல் மற்றொரு திறன். முன்னதன் பெருமையை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும்; பின்னதைப் பற்றி அவை பேசுவது குறைவு. ஆயினும் ஒரு குளத்தை நெடுங்காலம் பயன்படச் செய்வது பகிர்வு முறையேயாம். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய் இதற்குத் தக்க சான்று. இணையத்தின் வழி வரும் எண்ணிறந்த வேண்டுகோள்களைச் சேவைக் கணினிகள் தம்முள் இயங்கும் பணியாளரிடையே பங்கிடுவதும் இதே வினாவுக்கு விடை தேடுவதாகும். ஆதலின் இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடைத்து.

கந்தளாய்க் குளத்தைச் சூளவமிசம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியோடு தொடர்புறுத்துகின்றது. தமிழர் மரபோ அதனைக் குளமும் கோட்டமும் அமைத்த குளக்கோட்டனின் பணியாகப் போற்றும். சோழராட்சியில் இங்கு இராசராச சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயம் விளங்கிற்று. முதலாம் விசயபாகுவின் காலத்தில் அது விசயராச சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. அவ்வரசன் காலத்துப் பாலமோட்டைக் கல்வெட்டு, நங்கைசானி என்னும் பிராமணப் பெண் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அறக்கொடை வழங்கியதையும், அவ்வறம் வேளைக்காரப் படையினரின் காவலில் வைக்கப்பட்டதையும் கூறும். அறஞ்செய்தவர் ஒருவர், காப்பவர் வேறொருவர் என்னும் இப்பிரிவு கருதத்தக்கது.

இனிக் குளத்தின் அமைப்பை நோக்குவோம். குளக்கட்டு நீரைத் தாங்கி நிற்கும். துருசு வேண்டிய அளவைத் திறந்துவிடும். மிகையான நீர் வான் வழியே பாய்ந்து கட்டைக் காக்கும். துருசிலிருந்து புறப்படும் வாய்க்கால் கிளைகளாய்ப் பிரிந்து கந்தளாய் வயல்களையும் தம்பலகாமத்து வயல்களையும் அடைகின்றது. நீர் குறைந்த காலத்தில் யாவர்க்கும் ஒருங்கே திறத்தல் இயலாது. ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுவர். கிழக்கிலங்கையில் இம்முறையைக் கண்காணித்தவர் வட்டை விதானை ஆவார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவிக்கு மாற்றாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. முறைப்பாய்ச்சலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நேரத்தைச் சமமாகப் பிரித்தாலும் நீர் சமமாகப் பிரிவதில்லை. நெடுந்தொலைவு செல்லும் நீர் வழியிலேயே சுவறிவிட, கடைமடை வயல் காய்ந்து கிடக்கும்.

நீரைப் போலவே பணியையும் பகிர்தல் வேண்டும். இதற்குச் சான்று கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் அது பாட்டும் உரையும் விரவிய நூல். கவிராசவரோதயன் இயற்றியதென்பது மரபு. குளக்கோட்டன் திருக்கோணேச்சரத்தின் தொழும்புகளைத் தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் வகுத்தளித்து, அவை வழிவழியாக நடைபெற விதித்தான் என்றும், அவரிடையே எழும் வழக்குகளைத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வருவித்தான் என்றும் அந்நூல் உரைக்கும். இன்ன பணி இன்ன குடிக்கு என்பதே இம்முறையின் உயிர்நிலை.

சேவைக் கணினியோ வேறு வழியை மேற்கொண்டது. 1995இல் வெளிவந்த அப்பாச்சி என்னும் மென்பொருள், பணியாளர் சிலரை முன்னரே ஆயத்தமாக நிறுத்திவைக்கும். ஒவ்வொரு பணியாளும் ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளையே ஏற்பான். அனைவருக்கும் மேலுள்ள தலைமை நிரல் தான் எவ்வேண்டுகோளையும் ஏற்பதில்லை. பணியாளரை எண்ணிக் காப்பதும், ஒருவன் வீழ்ந்தால் மற்றொருவனை நிறுத்துவதுமே அதன் கடன். இரசியரான இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஒரு பணியாளே ஆயிரக்கணக்கான தொடர்புகளை ஒருங்கே கவனிக்கச் செய்தது. ஒரு கணினி பின்னுள்ள பலவற்றிற்கு வேண்டுகோள்களைப் பிரித்தனுப்புங்கால், சுற்று முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அளிப்பது எளிய வழி. ஆயின் ஒரு வேண்டுகோள் இமைப்பொழுதில் முடியும். மற்றொன்று நெடுநேரம் பிடிக்கும். எண்ணிக்கை சமமாயினும் சுமை சமமாகாது. கடைமடைக் குறையே இங்கும் தலைகாட்டுகின்றது. ஆதலின், கையிருப்பில் குறைந்த பணியுடையவனுக்கே அடுத்ததை அளிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. காத்திருப்போர் வரிசைக்கு எல்லையிட்டு, அதனை மீறி வருவனவற்றை மறுத்தனுப்புவதும் உண்டு. இது வான் பாய்வதை ஒக்கும். ஏற்க இயலாததை மறுப்பதனால் ஏற்றுக்கொண்டவை காக்கப்படுகின்றன.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது? பணியைக் குடிக்கு உரித்தாக்கிய முறையில் பொறுப்பு ஐயமின்றி விளங்கும்; தொழில்நுட்பம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். ஆயின் ஒரு குடி அழியின் அதன் பணியும் அழியும். மேலும் பிறப்பே பணியை விதிப்பது இன்றைய அறத்துக்கு ஒவ்வாது. எவரும் எதனையும் செய்யலாம் என்னும் கணினி முறையில், ஒருவன் வீழினும் பணி தடைப்படாது. ஆயின் நேற்று நிகழ்ந்ததை இன்றைய பணியாள் அறியான். நினைவில் நிற்க வேண்டியவற்றை வேறோரிடத்தில் எழுதிவைத்தல் வேண்டும். கோணேச்சரம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டபோது தொழும்பாளர் நிலைகுலைந்தனர். எனினும் அவர்தம் கடமைகள் நூலில் எழுதப்பட்டிருந்தமையால் முற்றும் மறக்கப்படவில்லை.

1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது. தாங்கும் கட்டு உடைந்துவிட்டால் எத்துணை நேரிய பங்கீடும் பயன்படாது என்பதை அந்நாள் உணர்த்திற்று. பங்கிடுவோன் கடமை வாய்க்காலோடு முடிவதன்று. கட்டின் வலிமையையும் வானின் அளவையும் அறிந்தே அவன் துருசைத் திறத்தல் வேண்டும். நீராயினும் வேண்டுகோளாயினும் இவ்விதி ஒன்றே.