பழைய கணினியும் புதிய பணிசெயல் முறைமையும்

ஏரின் கொழு தேய்வதைக் கண் காணும். வண்டியின் அச்சு நெரிவதைக் காது கேட்கும். கணினி மூப்படைவது அவ்வாறன்று. அதன் உறுப்புக்கள் யாவும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, இது பழையது, இனி உதவாது என்று ஒருநாள் ஒதுக்கப்படுகிறது. அங்ஙனமாயின் மூப்படைந்தது யாது? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர், பொறியின் வரலாற்றோடு அதனை ஆளும் பணிசெயல் முறைமையின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

பணிசெயல் முறைமை என்பது கணினியில் நிறுவப்படும் தலைமைச் செய்நிரலாகும். நினைவகத்தைப் பங்கிடுவதும், வட்டிலுள்ள தரவுகளை எடுத்துக் கொடுப்பதும், விசைப்பலகையில் அழுத்தியதை உரிய இடத்திற் சேர்ப்பதும், ஏனைய செய்நிரல்களுக்கு முறை வகுப்பதும் அதன் கடமைகள்.

தொடக்ககாலக் கணினிகளுக்கு இத்தகைய தலைவன் இருந்ததில்லை. தமக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒருவர் துளையிட்ட அட்டைக் கட்டுடன் வருவார். தம் வேலையை முடித்துச் செல்வார். அடுத்தவர் ஆயத்தமாகும்வரை பெருவிலை கொடுத்து வாங்கிய பொறி வாளா இருக்கும். இவ்விழப்பைத் தவிர்க்க, 1956ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய நிறுவனங்கள் இணைந்து ஐ.பி.எம். 704 கணினிக்கென ஒரு செய்நிரலை ஆக்கின. ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்குவது அதன் பணி. முதலாவது பணிசெயல் முறைமை இதுவே என்பர். ஆயினும் அஃது ஒரு பொறிக்கே உரியது. பொறி ஒழிந்தால் முறைமையும் அதனோடு ஒழியும்.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி ஒரு பழைய கணினியிலேயே நிகழ்ந்தது. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம், ஜெனரல் எலெக்ரிக், பெல் ஆய்வுகூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து மல்ற்றிக்ஸ் என்னும் பெரிய முறைமையொன்றை உருவாக்க முயன்றன. வேலை நீண்டுகொண்டே சென்றமையால் 1969இல் பெல் ஆய்வுகூடம் அதினின்றும் விலகியது. அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த கென் தொம்சன் என்பாருக்குப் புதிய கணினி கிடைக்கவில்லை. அதிகம் பயன்படாது கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறு கணினியே கிடைத்தது. அதன் நினைவகம் 18 இருமங்கள் கொண்ட 8,192 சொற்கள் மட்டுமே. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் நிழற்படம் ஒன்றையேனும் அதனுள் அடக்குதல் அரிது.

அப்பொறியில் புதிய முறைமையை நிறுவிய விதம் கருதத்தக்கது. தொடக்கத்தில் அதற்குரிய செய்நிரல்கள் வேறொரு பெரிய கணினியில் ஆக்கப்பட்டன. காகித நாடாவிலே துளைகளாகப் பொறிக்கப்பட்டன. அந்நாடா கையால் எடுத்துச் செல்லப்பட்டு பி.டி.பி.-7இல் ஊட்டப்பட்டது. பின்னர் எழுதுவதற்கும் மொழிமாற்றுவதற்கும் வேண்டிய கருவிகள் அப்பொறியினுள்ளேயே அமைந்தன. அன்று முதல் அது பிறிதொரு கணினியின் துணையை வேண்டாது தன்னைத் தானே வளர்க்கலாயிற்று. அதுவே யுனிக்ஸ் முறைமையின் பிறப்பு.

ஆயினும் அடுத்த கணினியான பி.டி.பி.-11இற்கு மாறியபோது முழுவதையும் திரும்ப எழுத நேர்ந்தது. இத்துன்பம் மற்றொரு சிந்தனைக்கு வித்திட்டது. தொம்சனின் தோழரான டெனிஸ் றிச்சி சீ என்னும் நிரல்மொழியை ஆக்கினார். 1973இல் யுனிக்ஸ் அம்மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. அதன்பின், சிற்சில பகுதிகளை மாற்றுவதாற் பிற பொறிகளிலும் அதனை நிறுவுதல் இயல்வதாயிற்று. பொறி ஒழிந்தாலும் முறைமை வாழும் என்னும் நிலை இவ்வாறு தோன்றியது.

1991இல், பின்லாந்தின் கெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், இன்ரெல் 386 நுண்செயலி கொண்ட தம் கணினியில் யுனிக்ஸைப் போன்ற ஒரு முறைமையின் கருவை எழுதி, மூலநிரலை எல்லார்க்கும் வழங்கினார். அதுவே லினக்ஸ். ஆக்கியோர் கைவிட்ட கணினிகள் பலவற்றிற்கு அது மறுவாழ்வு அளித்துள்ளது. ஆயினும் 2012 டிசெம்பரில் அந்த 386 நுண்செயலிக்குரிய பகுதியே லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அதனைப் பேணுதல் வளர்ச்சிக்குச் சுமையாயிற்று என்பதே காரணம். பிறந்த வீட்டையே முறைமை துறந்தது எனலாம். பேணுவோரின்றி எம்முறைமையும் நிலைப்பதில்லை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பேணுதல் நின்றால் விளைவது யாது? 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஏப்பிரல் 8ஆம் நாளுடன் ஆதரவை நிறுத்தியது. ஆயினும் அது பல இடங்களிற் பயன்பாட்டில் இருந்தது. 2017 மே 12ஆம் நாள் வன்னாக்ரை என்னும் தீநிரல், திருத்தம் பெறாத கணினிகளூடே உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளருக்குக் குறித்திருந்த சிகிச்சைகளும் தவிர்க்கப்பட்டன. அதன்பின், கைவிட்ட எக்ஸ்.பி. முறைமைக்கும் மைக்ரோசொப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்தது.

2021இல் வந்த விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், குறித்த பட்டியலிலுள்ள நுண்செயலியையும் வேண்டி நின்றது. 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் முடிந்தது. நன்றாக இயங்கும் எண்ணற்ற கணினிகள் அவ்வொரு நாளிலே பழையனவாயின. அவற்றின் செம்போ சிலிக்கனோ அன்று தேயவில்லை. அவற்றிற்காக எழுதும் கை நின்றது, அவ்வளவே.

ஆதலாற் பழைய கணினியை உடையோர் முதலில் அதனைக் குப்பையில் இடுதல் வேண்டுவதில்லை. அதன் நினைவகத்திற்கு ஏற்றதும் இன்றும் பேணப்படுவதுமான முறைமை ஒன்றைத் தேர்தல் வேண்டும். வட்டைத் துடைத்து நிறுவும்போது முன்னுள்ள யாவும் அழியுமாதலால், கடிதங்களையும் கணக்குகளையும் படங்களையும் வேறிடத்திற் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா எனவும் பார்த்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பொறியை மீண்டும் பெறலாம். அழிந்த எழுத்தை மீண்டும் பெறுதல் அரிது.

1969இல் ஒரு மூலையிற் கிடந்த சிறு கணினி உலகுக்கு யுனிக்ஸை ஈந்தது. அப்பொறி பழையதா என்று மட்டும் கேட்டிருப்பின், அம்முறைமை அங்கே பிறந்திராது. இதனால் இன்னும் யாது செய்யலாம் என்று ஒருவர் கேட்டார். பழைய கணினியின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே.