பாடலும் பாடல் பிறந்த கதையும்: மூன்று கிறித்தவப் பாடல்கள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தனிப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் பாடலை மட்டும் சொல்லி அமைவதில்லை. காளமேகம் எவ்வூரில் யாரைச் சினந்து பாடினார், ஔவையார் எவர் வீட்டு வாயிலில் நின்று பாடினார் என்னும் கதையும் பாடலுடன் சேர்ந்தே வரும். கதையை நீக்கிவிட்டால் சில வெண்பாக்களுக்குப் பொருள் காண்பதே அரிதாகிவிடும். அக்கதைகளுள் எவை உண்மையில் நிகழ்ந்தவை, எவை பாடலைக் கொண்டு பின்னர்ப் புனையப்பட்டவை என்பது தமிழாய்வில் நெடுநாளைய வினா. விடை காணச் சான்றுகள் குறைவு. எனவே, சான்றுகள் மிகுதியாகக் கிடைக்கும் வேறொரு பாடல் மரபின்மேல் இவ்வினாவை வைத்துப் பார்க்க இக்கட்டுரையில் முற்படுகிறோம். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் தோன்றி, உலகெங்கும் தேவாலயங்களில் விரும்பிப் பாடப்படும் மூன்று கிறித்தவப் பாடல்களே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் 'பிறந்த கதை' ஒன்று உண்டு. மேடைகளிலும் தொகுப்பு நூல்களிலும் அக்கதை பாடலுக்கு முன்னுரையாகச் சொல்லப்படுவதும் உண்டு.

முதலாவது, 'ஹவ் கிரேட் தவ் ஆர்ட்'. ஆங்கிலப் பாடலாகவே இன்று அறியப்படும் இதன் மூலம் சுவீடிய மொழியில் அமைந்தது. சுவீடனின் தென்கிழக்குக் கரையிலுள்ள மோன்ஸ்டெரோஸ் என்னும் ஊரைச் சேர்ந்தவர் கார்ல் போபர்க் (1859–1940). 1885ஆம் ஆண்டில் ஒரு நாள் பிற்பகல் வழிபாடு முடிந்து வீடு திரும்பும் வழியில் இடியும் மின்னலுமாக மழை வந்தது. சிறிது நேரத்தில் மழை ஓய்ந்து, கடற்கழி கண்ணாடிபோல் அமைதியுற்றது. சோலையிலிருந்து பறவைக் குரலும், தொலைவிலிருந்து தேவாலய மணியோசையும் கேட்டன. அக்காட்சியிலிருந்து ஒன்பது பத்திகள் கொண்ட கவிதை பிறந்தது. மறு ஆண்டில் உள்ளூர்ச் செய்தித்தாளில் அச்சேறியது. போபர்க் அதனைப் பாடுவதற்கென எழுதவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் வார்ம்லாந்து மாநிலத்துச் சபையொன்றில், பழைய நாட்டுப்புற மெட்டொன்றில் மக்கள் தம் கவிதையைப் பாடக் கேட்டு அவரே வியந்தார். மெட்டைத் தந்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. நம் நாட்டார் பாடல்களின் நிலையும் இதுதானே!

இதன்பின் பாடல் மேற்கொண்ட பயணம் மொழிபெயர்ப்பு வரலாற்றில் தனித்துப் பேசத்தக்கது. எஸ்தோனியாவில் வாழ்ந்த மான்ஃபிரெட் ஃபொன் கிளேன் 1907இல் இதனைச் செருமானியத்தில் பெயர்த்தார். அச்செருமானியப் பாடலைக் கொண்டு இவான் புரோகானோவ் 1912இல் உருசிய வடிவம் செய்தார். ஸ்டூவர்ட் ஹைன் (1899–1989) என்னும் ஆங்கிலேயர் 1930களின் தொடக்கத்தில், மேற்கு உக்ரைனில் தம் மனைவியுடன் சமயப்பணி ஆற்றியபோது இவ்வுருசியப் பாடலைக் கற்றுக்கொண்டார். ஆகவே நாம் இன்று கேட்கும் ஆங்கிலப் பாடல் சுவீடிய மூலத்தினின்று நேரே வந்ததன்று. மூன்றாம் கைக்கும் அப்பாற்பட்டது.

ஹைன் பாடலைப் பெயர்த்தார் என்பதைவிட, அதனுள் குடியேறினார் எனலே பொருந்தும். கார்ப்பேத்திய மலைச்சிற்றூர் ஒன்றில் இடிமழையில் அகப்பட்டது முதற்பத்திக்கும், மலைக்காடுகளில் இளைஞர்களோடு நடந்தபோது கேட்ட பறவைக் குரல்கள் இரண்டாம் பத்திக்கும் தூண்டுதல் என அவரே கூறியுள்ளார். ஒரு சிற்றூரில், எழுத்தறிந்த பெண்ணொருத்தி சிலுவைப்பாடு பற்றிய விவிலியப் பகுதியை அண்டை வீட்டாருக்குப் படித்துக்காட்ட, அவர்கள் வாய்விட்டு அழுது மன்னிப்பு வேண்டியதைக் கண்டமை மூன்றாம் பத்தியாயிற்று. இப்பத்தியும் இதனை அடுத்த நான்காம் பத்தியும் ஹைனின் சொந்த ஆக்கங்கள்.

இங்கு ஒன்றைக் கருதிப் பார்த்தல் தகும். போபர்க்கின் கதையிலும் இடிமழை. ஹைனின் கதையிலும் இடிமழை. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிடுவது எளிது. ஆயின் இரண்டும் ஒரே வகையின அல்ல. போபர்க்கிடம் மழை முதலில் வந்தது, பாடல் பின்னர் வந்தது. ஹைனிடமோ உருசியப் பாடல் முன்னரே இருந்தது. மழை வந்தபோது அப்பாடல் நினைவில் எழுந்தது. நிகழ்ச்சி பாடலைப் படைப்பதுபோலவே, பாடலும் நிகழ்ச்சியைக் காணும் கண்ணைப் படைக்கிறது. தனிப்பாடற் கதைகளை 'உண்மை', 'புனைவு' என இரண்டாகவே பகுக்கும் வழக்கம் போதாது என நாம் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

நான்காம் பத்தியின் கதை வேறு நிறமுடையது. 1939இல் போர் மூண்டபோது ஹைன் குடும்பத்தினர் பிரிட்டனுக்குத் திரும்பினர். போருக்குப்பின் கிழக்கு ஐரோப்பிய ஏதிலியர் பெருந்தொகையினராக அந்நாட்டை வந்தடைந்தனர். நாங்கள் எப்போது வீடு திரும்புவோம் என்பதே அவர்கள் ஓயாமற் கேட்ட கேள்வி. 1948இல் சசெக்ஸ் பகுதி முகாமொன்றில், போரில் மனைவியைப் பிரிந்து மீண்டும் காணமுடியாமற்போன ஒருவரை ஹைன் சந்தித்தார். இவ்வுலகில் அவளைத் தேடுவதில் பயனில்லை, மறுமையில் காண்பேன் என்பது அம்மனிதரின் நம்பிக்கை. இறைவன் வந்து தம்மை வீட்டிற்கு அழைத்துச் செல்வதைப் பாடும் இறுதிப்பத்தி இவ்வாறு எழுந்தது. இன்று அதனைப் பாடுவோரில் பெரும்பாலோர் 'வீடு' என்பதை விண்ணுலகம் என்றே கொள்வர். அச்சொல்லுக்குள் எரிந்துபோன ஊர்களும் மூடப்பட்ட எல்லைகளும் இருப்பதைக் கதைதான் காட்டுகிறது. 'வீடு' என்னும் தமிழ்ச்சொல்லும் இல்லம், முத்தி எனும் இருபொருளையும் தாங்கி நிற்றலின் நமக்கு இது எளிதில் விளங்கும்.

1949இல் ஹைன் தம் உருசிய இதழில் இருமொழி வடிவத்தை வெளியிட்டார். 1954இல் இந்தியாவின் தேவ்லாலியில், அசாமிலிருந்து வந்த நாகர் இனப் பாடகர் குழுவொன்று இதனைப் பாட, எட்வின் ஓர் என்னும் அறிஞர் கேட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அமெரிக்கப் பதிப்பில் இரு சொற்கள் மாறின: 'செயல்கள்' என்னும் பொருளுடைய சொல் 'உலகங்கள்' ஆயிற்று, 'வலிய' இடி 'உருளும்' இடியாயிற்று. ஜார்ஜ் பெவர்லி ஷே, பில்லி கிரகாமின் 1957ஆம் ஆண்டு நியூயார்க் கூட்டங்களில் ஏறத்தாழ நூறு முறை இதனைப் பாடியதே பாடலின் புகழுக்குப் பெருங்காரணம். எல்விஸ் பிரெஸ்லி இதே தலைப்பில் 1967இல் வெளியிட்ட இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. நாகர் குழுவினரின் பங்கு பல கதைகளில் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அப்பாடகர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது பாடலைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். அமெரிக்கரான பார்ட் மில்லார்ட் தம் தந்தையைப் புற்றுநோய்க்கு 1991இல் இழந்தார். அடக்கத்தின்போது பாட்டி சொன்ன ஒரு தொடர் அவர் மனத்தில் தங்கியது. கையிற் கிடைத்த தாளிலெல்லாம் அதனை எழுதி வந்தார். 1999இல் தம் குழுவான மெர்சிமீயின் தொகுப்பொன்றுக்கு இன்னுமொரு பாடல் தேவைப்பட்டபோது, பழைய குறிப்பேட்டில் அத்தொடரைக் கண்டு சில மணித்துளிகளில் 'ஐ கேன் ஒன்லி இமேஜின்' பாடலை எழுதி முடித்தார். 2001இல் அது பரவலாக வெளியாகியது. தந்தையை இழந்த மகனின் துயரப்பாடல் என்ற அளவில் கேட்போர் இதனை ஏற்றனர். 2018இல் வெளிவந்த தன்வரலாற்று நூலும் திரைப்படமும் கதையின் மற்றொரு பாதியை விரித்துரைத்தன. தந்தை மகனை அடித்துத் துன்புறுத்தியவர். நோயுற்ற இறுதியாண்டுகளில் மனம் மாறியவர். பாடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் அச்சத்தோடு வளர்ந்த ஒரு மகன் தந்தையின் பேற்றை எண்ணிப் பாடுகிறான் என அறிந்தபின் அதே சொற்கள் வேறு கனம் பெறுகின்றன.

மூன்றாவதான 'த ஹார்ட் ஆஃப் வொர்ஷிப்' பாடலே நம்மை மிகவும் தயங்கச் செய்தது. இலண்டனுக்கு வடக்கே வாட்ஃபோர்ட் நகரிலுள்ள இளைஞர் சபையொன்றில் 1990களின் பிற்பகுதியில் இசை பெருகி வழிபாடு வறண்டதாகச் சபைத்தலைவர் உணர்ந்தார். ஒலிபெருக்கிகளையும் இசைக்குழுவையும் சில காலம் நீக்கினார். காணிக்கையாக நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள் என்று மக்களைக் கேட்டார். முதலில் சங்கடமான மௌனம். பின்னர்க் கருவியிசை இல்லாத குரல்கள். அச்சபையின் பாடகர் மேட் ரெட்மன் இவ்வனுபவத்தைத் தம் அறையில் அமர்ந்து எழுதினார். தலைவரே சிறு திருத்தங்கள் கூறி, எல்லோரும் பாடத்தக்கதாக்கினார். இப்பாடலின் கதை, துணிவுள்ள தலைவர் ஒருவரின் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது.

2023இல் அத்தலைவர்மீது முறைப்பாடுகள் எழுந்தன. சூலையில் அவர் பதவி விலகினார். செப்டம்பரில், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி இளைஞர்களிடம் முறைகேடாக நடந்தார் என்னும் முறைப்பாடுகள் மெய்ப்பிக்கப்பட்டதாக இங்கிலாந்துத் திருச்சபையின் விசாரணை அறிவித்தது. தாமும் பாதிக்கப்பட்டவர் என ரெட்மன் அவ்வாண்டிலேயே வெளிப்படையாகக் கூறினார். 2024இல் தம் மனைவியுடன் இணைந்து ஆவணப்படமும் வெளியிட்டார்.

இனிக் கதையை எவ்வாறு சொல்வது? கதையை விட்டுப் பாடலை மட்டும் கொள்ளலாம் என்பர் சிலர். பாடலையே விலக்க வேண்டும் என்பாரும் இருத்தல் கூடும். முதற்கருத்து, பாதிக்கப்பட்டவரின் குரலை இரண்டாம் முறை மறைக்கிறது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் ஒருவரின் படைப்பையே அவரிடமிருந்து பறிக்கிறது. இசைக்கருவிகள் நீக்கப்பட்டதும் உண்மை. நீக்கிய கை செய்த தீங்கும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் கதையே இன்று நேர்மையானது என்பது எம் துணிபு. 2023க்கு முன் அச்சான தொகுப்புகளில் இக்கதை பழைய வடிவிலேயே உள்ளது. அவற்றை வகுப்பில் பயன்படுத்துவோர் நூலின் ஆண்டை முதலில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.