யப்பானியத் துவக்கும் உழவர் உடைமையும்

யப்பானியர் துவக்கைக் கண்டனர், கையாண்டனர், பின்னர் வாளின்மேற் கொண்ட பற்றினால் அதனைக் கைவிட்டனர் என்பது வரலாற்று வகுப்புகளிற் சொல்லப்பட்டு வருங் கதை. யானும் அதனையே பல்லாண்டு மாணவர்க்குக் கற்பித்தேன். ஆயின், அந்நாட்டின் துவக்குடைமைச் சட்டங்களை ஊன்றி நோக்குவார்க்கு அக்கதை பாதியே உண்மை என்பது புலனாகும்.

1543ஆம் ஆண்டிலே சீன மரக்கலமொன்றில் வந்த போர்த்துக்கேயர் தெற்கிலுள்ள தனெகாஷிமாத் தீவை அடைந்தனர். அத்தீவின் தலைவன் அவர்களிடம் இரண்டு துவக்குகளை விலைக்கு வாங்கி, அவைபோற் செய்யுமாறு தன் கொல்லனைப் பணித்தான். வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கப்படுதலில் அவை நம் வன்னியார் கூறும் இடியன் துவக்கை ஒப்பன. ஆயின், கனலுந் திரியினாற் கொளுத்தப்படுவன. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றுங் கலந்ததே அம்மருந்து. 1575இல் நாகாஷினோப் போரிலே ஒடா நோபுனாகாவின் துவக்கு வீரர் தக்கேடா குலத்தார் படையை முறியடித்தமை பலரும் அறிந்ததே.

1588இல் ஹிதெயோஷி பிறப்பித்த ஆணை 'வாள் வேட்டை' எனப் பெயர்பெற்றது. குடியானவர் வாள், வில், ஈட்டி, துவக்கு முதலியவற்றை வைத்திருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். பறிக்கப்படும் இரும்பு கியோத்தோவிற் கட்டப்படும் பெரும் புத்தர் கோயிலுக்கு ஆணியாகும் என்றும், அதனாற் குடிகள் இம்மையிலும் மறுமையிலும் நலம் பெறுவர் என்றும் அவ்வாணை கூறிற்று. கூறப்பட்ட காரணம் சமயமே. உள்நோக்கமோ கலகத்தைத் தடுத்தலும், உழவரையும் போர்வீரரையும் வேறு வேறு நிலையினராகப் பிரித்தலுமாம்.

இனிக் கதையின் மறுபாதியைக் காண்போம். தொக்குகாவா ஆட்சியில், 1638இல் ஷிமபாராக் கலகம் அடங்கியபின், நாட்டிலே பெரும்போர் நிகழாத நெடுங்காலம் தொடங்கிற்று. போர்வீரரின் துவக்குகள் களஞ்சியத்திற் கிடந்தன. ஆயின், காட்டுப் பன்றியும் மானும் வயலை அழித்தல் நிற்கவில்லை. ஆதலின், ஊரவர் கையில் துவக்கு நிலைத்தது. 1687இல் சுனயோஷி நாடெங்கும் துவக்குகளைக் கணக்கெடுக்கச் செய்தான். வேட்டுவர் துவக்கு, வெருட்டுந் துவக்கு, காவற் றுவக்கு என அவை வகுக்கப்பட்டன. வெருட்டுந் துவக்கிலே மருந்து மாத்திரம் இடலாம், குண்டு இடலாகாது. அனுமதியில்லாதவை பறிக்கப்பட்டன. இவ்வளவு கட்டுப்பாட்டின் பின்னரும், சில சிற்றரசுகளில் ஊர்களிலிருந்த துவக்குகள் சிற்றரசரின் படைக்கலச் சாலையிலிருந்தவற்றினும் மிகுதி என ஆய்வாளர் கண்டுள்ளனர். வரிச்சுமை தாங்காது உழவர் கிளர்ந்தெழுந்த காலங்களிலும், பெரும்பாலும் அரிவாளும் மண்வெட்டியுமே ஏந்திச் சென்றனர். துவக்கை ஒலிக்குறியாகவே பயன்படுத்தினர். அவர் கருத்தில் அது படைக்கலமன்று, உழவுக்கருவியே.

1958ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாவதொரு நிலையைத் தந்தது. ஏறத்தாழ 1867ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட பழந் துவக்குகள் கலைப்பொருளாகவோ தொல்பொருளாகவோ மதிப்புடையனவாயின், அவ்வம் மாவட்டக் கல்விச் சபையிற் பதியப்படும். காவற்றுறையிலன்றிக் கல்விச் சபையிற் பதியப்படுதல் கருதத்தக்கது. பதிவுச் சான்று துவக்குடனேயே செல்லும். கைமாறின், 20 நாளுக்குள் அறிவித்தல் வேண்டும். எனினும், மருந்திட்டு வெடித்தற்கு வேறு அனுமதி வேண்டும்.

ஆகவே, ஒரே இரும்புக் குழாய் போர்க்களத்திற் படைக்கலமாகவும், வயலிற் கருவியாகவும், பேழையிற் கலைப்பொருளாகவும் சட்டத்தால் மதிக்கப்பட்டது. துவக்கைக் கைவிட்டார் யப்பானியர் என்பது போர்வீரரை மாத்திரம் நோக்கியோர் கூற்றாம். உழவரை அவர் நோக்கினாரல்லர். ஒரு சட்டத்தை மாணவர்க்கு விளக்கும்போது, எது தடுக்கப்பட்டது என்பதோடு, யாருக்குத் தடுக்கப்பட்டது, எப்பயனுக்கு விடப்பட்டது என்பனவற்றையும் உசாவுதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.