கடல் கடந்த மணி

1836 வாக்கில் நியூசிலாந்தின் வடபகுதியில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, உடைந்த வெண்கல மணி ஒன்றில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அது முகைய்யதீன் வக்குசு என்ற பெயரைத் தாங்கிய கப்பல் மணி, எழுத்து தமிழ். இன்று வெலிங்டனில், தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழர் நியூசிலாந்தில் முதலில் கால்வைத்ததற்கு இதுவே சான்று என்பார்கள். அவ்வளவு பாரத்தை அந்தச் சிறு மணி தாங்காது. விற்பனையிலோ, ஆளின்றி மிதந்த கப்பலிலோ மணி மட்டும் பயணம் போயிருக்கலாம். ஆனால் மறுக்க முடியாத ஒன்று உண்டு: இசுலாமியப் பெயர் கொண்ட கப்பலின் மணியில் அரபியோ பாரசீகமோ அல்ல, தமிழைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கப்பல் உலகின் வாசிப்பு மொழி தமிழ். அறந்தாங்கிக்குக் கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என நீளும் இந்தச் சோழமண்டலக் கரையில்தான் மரைக்காயர்கள் என்ற தமிழ் இசுலாமியர் தலைமுறைகளாகக் கப்பல் வணிகம் செய்தார்கள். மணி எந்தத் துறையில் ஏறியது என்று அதில் பொறிக்கவில்லை. எனினும் நம் பள்ளிப் பாடத்தில் சோழர் கடற்படைக்குப் பக்கத்திலேயே இந்த வணிகர்களுக்கும் இடம் வேண்டும். அவர்களிடம் படை இல்லை, சொந்தக் கப்பல் இருந்தது.