எதிரியின் காலடிச் சத்தம் கேட்கலையா? புது ஹெட்செட் வாங்கும் முன் இதைப் படிங்க!

கேமில் எதிரி இடப்பக்கம் வருகிறாரா, வலப்பக்கமா என்று புரிவதற்குள் ஆட்டமே முடிந்துவிடுகிறது. உடனே பலரும் குறை சொல்வது ஸ்பீக்கரைத்தான். 'புதுசா கேமிங் ஹெட்செட் வாங்கினால்தான் சரியாகும்' என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கவும் தயாராகிவிடுகிறார்கள். ஆனால், வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பீக்கரிலும், செல்போனுக்கு வாங்கிய இயர்போனிலுமே சத்தத்தை நன்றாகத் தெளிவாக்க முடியும். எப்படி?

திசை எப்படித் தெரிகிறது?

வலப்பக்கம் எழும் சத்தம் முதலில் வலது காதை எட்டும். இடது காதுக்குப் போக, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கூடுதலாக ஆகும். இடையில் தலை மறைப்பதால் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. எனவே, வால்யூமை ஏற்றுவதைவிட இடது, வலது சத்தங்கள் கலக்காமல் காதுக்கு வருவதுதான் முக்கியம்.

ஸ்பீக்கரை எங்கே வைக்கணும்?

இரண்டு ஸ்பீக்கரையும் மானிட்டருக்குப் பின்னால் தள்ளி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு ஸ்பீக்கர்களும், உங்கள் தலையும் சம அளவு முக்கோணமாக இருக்கணும். ஸ்பீக்கர் காதைப் பார்த்தபடி இருப்பது நல்லது. மேஜை தாழ்வாக இருந்தால், பழைய புத்தகங்களை அடியில் வைத்து உயர்த்தலாம். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் சத்தம் அதிகமாகி, காலடிச் சத்தத்தை அமுக்கிவிடும். இடது, வலது மாறி இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

* விண்டோஸில் 'மோனோ ஆடியோ' ஆன் ஆகி இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரும். திசையே தெரியாது. அதை ஆஃப் செய்யணும்.

* இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால், விண்டோஸிலும் கேமிலும் 'ஸ்டீரியோ' என்றே வையுங்கள். 5.1 அல்லது 7.1 என்று வைத்தால் சில சத்தங்கள் கேட்காமலே போகலாம்.

* ஹெட்போன் போடுபவர்கள், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இலவசமாகவே இருக்கும் 'விண்டோஸ் சோனிக்' வசதியை முயன்று பார்க்கலாம். ஆனால், வேலரன்ட் போன்ற கேம்களில் எச்.ஆர்.டி.எஃப். என்ற வசதி தனியாகவே உண்டு. இரண்டையும் சேர்த்து ஆன் செய்தால் திசை குழம்பிவிடும். ஏதாவது ஒன்று போதும்.

* நண்பர்களுடன் பேசத் தொடங்கியதும் கேம் சத்தம் திடீரென இறங்குகிறதா? பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், 'டூ நத்திங்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அழைப்பின்போது மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் செட்டிங் அங்கேதான் இருக்கிறது.

'உஸ்...' என்று இரைச்சல் வருதா?

கம்ப்யூட்டரில் வால்யூமைக் கூட்டி வைத்து, ஸ்பீக்கரில் உள்ள திருகைக் குறைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் திருகை முழுசாக ஏற்றினால், கம்ப்யூட்டரில் இருந்து வரும் சின்ன இரைச்சலும் பெரிதாகிவிடும். சி.பி.யு.வின் முன்பக்க ஜாக்கில் இரைச்சல் வந்தால், பின்பக்கம் உள்ள பச்சை நிற ஜாக்கில் மாட்டிப் பார்க்கலாம். அப்போதும் போகவில்லை என்றால், விலை குறைந்த யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டரே பல நேரம் போதும்.

செல்போன் இயர்போனின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். மைக், ஹெட்போன் எனத் தனித்தனி ஜாக் உள்ள கம்ப்யூட்டரில் அதன் மைக் வேலை செய்யாது. அதற்கு இரண்டு முனை கொண்ட ஸ்பிளிட்டர் ஒயர் வாங்கினால் போதும்.

புளூடூத் வேண்டாமா?

பாட்டு கேட்க ஓகே. கேமுக்கு அவ்வளவு சரிவராது. விலை குறைந்த புளூடூத் ஹெட்செட்களில் சத்தம் சற்று தாமதமாகவே வரும். திரையில் சுட்ட பிறகுதான் காதில் கேட்கும். அதன் மைக்கைப் பயன்படுத்தினால், பல மாடல்களில் சத்தம் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். ஒயர் ஹெட்போனே பெஸ்ட்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறாதீங்க

பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று பெரிதாகப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர்; அதாவது 2.5 வாட்ஸ்தான். அதில் மட்டும் ஓடும் ஸ்பீக்கர், அதைவிட அதிக சக்தியைத் தொடர்ந்து தர முடியாது.

காது பத்திரம்

சத்தம் தெளிவாக இல்லாதபோதுதான் பலரும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு இது 75 டெசிபல். சத்தம் கூடக்கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். விளையாடி முடித்த பிறகு காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால், வால்யூம் அதிகம் என்று அர்த்தம். அது அடிக்கடி வந்தாலோ, தொடர்ந்து நீடித்தாலோ காது மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.