சிவந்த மடி

ஆரத்தித் தட்டில் இருப்பது குங்குமத் தண்ணீர் இல்லை என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். அதே சிவப்பைப் போன வருஷம் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு எருமையின் மடியில் பார்த்தேன்.

"மடிநோய் தம்பி. ஒரு காம்பு கல்லு மாதிரி ஆயிருச்சு. கறந்தா திரிதிரியா வருது" என்றார் எருமைக்காரக்கா.

பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். பாதிதான் சரி.

எருமைக்குக் காம்பின் வாய் பசுவைவிட இறுக்கம். ஆனாலும் கறந்து முடித்ததும் அந்தத் துளை கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். அந்த நேரம் பார்த்து எருமை சேற்றில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். கறந்ததும் தீவனம் போட்டு நிற்க வைப்பது அதற்காகத்தான்.

1903-ல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. அந்தக் காலத்து அரசாங்கத்தின் பெரிய பயம் வெக்கை நோய். ஊர் ஊராக மாடுகளைச் சாய்த்த நோய் அது. மடிநோயில் மாடு பெரும்பாலும் சாவதில்லை, பால்தான் போகும். பால் போவது வீட்டுப் பெண்ணின் கணக்கு, சர்க்காரின் கணக்கு இல்லை. (இது என் ஊகம், ஆனால் உறுதியான ஊகம்.)

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெனிசிலின் பரவியது. காம்புக்குள் மருந்தை ஏற்றும் குழாய்கள் வந்தன. வேலை சுலபம். ஆனால் மருந்து ஏற்றிய மாட்டின் பாலைச் சில நாள் கீழே கொட்ட வேண்டும். எத்தனை பேர் கொட்டுவார்கள்? கேனில் சேர்ந்த மருந்து நம் காபிக்கும் வரும், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும்.

பக்கத்துத் தஞ்சாவூரில், கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி செய்தது இந்த இடத்தில்தான் முக்கியம். ஊர் மருந்துகளுக்கு அவர் அளவு கொடுத்தார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15. சேர்த்து அரைத்து, பாலை ஒட்டக் கறந்து, மடியைக் கழுவி, தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 'ஒரு கைப்பிடி' என்று சொன்னால் யாருடைய கை என்று கேட்க வேண்டியிருக்கும். கிராமில் சொன்னால் யாரும் செய்து பார்க்கலாம், தப்பென்றும் நிரூபிக்கலாம். எங்கள் தொழிலில் இதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோம்.

ஆனால் அந்தக் குறிப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். மொத்தம் ஐம்பது தடவை. 'செலவில்லாத வைத்தியம்' என்று இதைப் பகிர்கிற யாரும் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை. காய்ச்சலும் இருந்து மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், அது வேறு செலவு.

அக்காவிடம் எத்தனையாவது தடவை என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஏழாவது. காலையிலேருந்து கடைத்தெருவுக்குப் போகல, துணி துவைக்கல." குனிந்து கையை நனைத்துக்கொண்டே சொன்னார், "சும்மாதான நிக்கிறீங்க, கொஞ்சம் வாலப் புடிங்க தம்பி. மூஞ்சியிலேயே அடிக்குது."

பிடித்தேன். அன்று முழுக்க என் சட்டையில் ஆரத்திக் கறை.