கரையைக் காத்தவர் யார்?

செங்கற்பட்டு மாவட்டத்திலே மதுராந்தகம் என்றோர் ஊர். ஊரை ஒட்டிப் பேரேரி. ஏரியின் அருகே கோயில். அந்தக் கோயிலின் இராமனுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு: 'ஏரி காத்த இராமர்'!

காத்த கதை இதுதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. கும்பினி ஆட்சிக் காலம். 1794 முதல் 1798 வரை அந்தப் பகுதியின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்ற வெள்ளையர். மழைக்காலம் வந்தால் ஏரி உடையும். ஏரி உடைந்தால் ஊர் அழியும். கோயிலுக்குச் சென்ற துரை, தாயாருக்குச் சன்னதி எழுப்பக் குவித்து வைத்திருந்த கற்களைக் காண்கிறார். இவ்வாண்டு ஏரி உடையாமல் நின்றால் அந்தச் சன்னதியை நானே கட்டித் தருகிறேன் என்கிறார். மழை கொட்டுகிறது. நள்ளிரவில் கரைக்கு ஓடுகிறார். வில்லேந்திய இருவர் கரைமீது காவல் நிற்கக் கண்டு மண்டியிடுகிறார். கரை நின்றது; சன்னதி எழுந்தது!

பக்தர்கள் மெய்சிலிர்ப்பார்கள். நாம் கேள்வி கேட்போம். அந்த ஆண்டு காத்தவர், முந்தைய ஆண்டுகளில் எங்கே போயிருந்தார்? சன்னதி கட்டுவதாக வாக்களித்த பிறகுதான் காவலுக்கு வருவார் என்றால், அது அருளா, கூலியா? இவற்றைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் உண்டு. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அந்தக் கரையை உயர்த்திய மக்கள் இந்தக் கதையில் ஏன் இல்லை? பிளேஸ், தம் ஆட்சிக் காலத்தில் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்து நின்றவர் என்பது வரலாறு. செப்பனிட்ட கரை நிற்கும். அதற்கு வில் வேண்டாம், அம்பும் வேண்டாம். ஆனால் செப்பனிட்ட கைகளைக் கதை மறந்தது. கல்லில் இருந்த கடவுளுக்குக் காவற்காரப் பட்டம் சூட்டியது.

கடவுள் காத்தார் என்ற கதையாவது உயிர் குடிக்காத கதை. கடவுள் சினந்தார் என்ற கதை என்ன செய்தது தெரியுமா? விசயநகரத்தைக் காணுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்; கிருட்டிணதேவராயர் ஆட்சி. தலைநகருக்கு அருகே மாபெரும் ஏரி ஒன்று எழுகிறது. ஆயிரமாயிரம் மக்கள் எறும்புக் கூட்டம்போல் உழைத்ததைக் கண்ணால் கண்டு எழுதியவர் போர்ச்சுக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ். அந்தக் கரை இரண்டு மூன்று முறை உடைந்தது. ஏன் உடைந்தது என்று மன்னர் யாரைக் கேட்டார்? கரை கட்டும் கொத்தனையா? மண்ணறிந்த ஒட்டனையா? இல்லை, வேதியரைக் கேட்டார். தெய்வம் மனிதக் குருதியும் குதிரைக் குருதியும் எருமைக் குருதியும் கேட்கிறது என்றனர் அவர்கள். கோயில் வாயிலில் 60 மனிதர்களின் தலைகள் வெட்டப்பட்டன என்று பயஸ் எழுதி வைத்திருக்கிறார். கரையின் நோய்க்கு மனிதனின் கழுத்திலே மருந்து தேடினார்கள்!

மண் கரையின் நோய்தான் என்ன? அது மறைபொருள் அன்று. கண்ணுள்ளவன் காணக் கூடியது.

முதல் நோய், நீர் கரைமேல் வழிவது. கல் அணைமீது நீர் வழிந்தால் அணை நிற்கும். மண் கரைமீது வழிந்தால் வழிந்த இடம் அரித்து, அரித்த இடம் பிளந்து, சில மணி நேரத்தில் கரை காணாமற் போகும். அதனால்தான் மிகுநீர் வெளியேறக் கலிங்கு கட்டினார்கள். கலிங்கின்மேல் வரிசையாகக் கற்களை நட்டு, மழை ஓய்ந்த பிறகு அவற்றினிடையே புல்லும் களிமண்ணும் வைத்து இன்னும் ஓரடி நீரைத் தேக்குவதும் உண்டு. அடைத்ததை அடுத்த வெள்ளத்துக்குமுன் அகற்ற ஆள் வேண்டும். அகற்றாவிட்டால், தேக்கிய ஓரடி நீர் ஊரையே விலையாகக் கேட்கும்.

இரண்டாவது நோய், கசிவு. எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர்ப் பொந்து, மதகின் கட்டடமும் மண்ணும் கூடும் இடம்: இவையெல்லாம் நீருக்கு வழி. கரையின் வெளிப்புறத்தில் தெளிந்த நீர் கசிந்தால் கவனிக்க வேண்டும். கலங்கிய நீர் கசிந்தால் ஓடி வர வேண்டும். கலங்கல் என்றால் கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கசியும் வாயை முரட்டுத்தனமாக அடைப்பதும் தவறு. அடைபட்ட நீர் வேறிடத்தில் பீறிடும். மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, நீரை வெளியே விட்டு, மண்ணை மட்டும் தடுத்து நிறுத்த வேண்டும்.

மூன்றாவது நோய், அலை. காற்றடிக்கும் நாளில் அலை கரையின் உட்புறத்தைக் கடித்துத் தின்னும். கல் பாவியிருந்தால் தப்பும். பாவிய கல்லைப் பெயர்த்துச் சென்றிருந்தால் தப்பாது.

இவற்றில் எது ஒரே இரவில் வருவது? எதுவுமில்லை. கரை உடைவது ஐப்பசியில். உடையத் தொடங்குவது சித்திரையில். வெயில் நாளில் வளையைத் தேடாதவன் மழை நாளில் வரம் தேடுகிறான்!

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அங்கே ஏரியைக் காக்கவென்றே 'ஏரி வாரியம்' இருந்தது. உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். உக்கல் முதலிய ஊர்களில் ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கு அறக்கொடை வைத்த செய்தியையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. பராமரிப்புக்கு ஆள், ஆளுக்குப் பொருள், பொருளுக்குக் கணக்கு என்று முறையாக நடந்தது. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குடத்திலே யாருடைய பெயர் விழுந்தது? 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டே பதில் சொல்கிறது. சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேலும் 70-க்குக் கீழும் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். மண் சுமந்தவனுக்கு நிலமில்லை. கரையில் உறங்கியவனுக்கு மனையில்லை. மதகுக்குள் மூழ்கியவனுக்கு வேதம் ஓத உரிமையே இல்லை. வாரியம் ஒருவருக்கு, பாரம் வேறொருவருக்கு!

அந்த வேறொருவர்தாம் நீர்க்கட்டி. வடதமிழகச் சிற்றூர்களில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சேரி மக்களே இப்பணியைச் செய்தனர். மதகைத் திறப்பதும் மூடுவதும், வயலுக்கு வயல் நீர் பகிர்வதும், புயல் இரவில் கரையைச் சுற்றி வருவதும் அவர்கள் பணி. கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். எந்த நண்டு எந்த இடத்தில் குடைந்திருக்கிறது என்று அறிந்தவர் அவர். ஆனால் ஏரி நிரம்பியபோது பூசை போட்டவருக்கு முதல் மரியாதை. நிரப்பிக் காத்தவருக்குத் தெருவிலும் இடமில்லை.

வெள்ளையர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் ஏறத்தாழ 53,000 ஏரிகள் இருந்தன. அவற்றின் கரைகளின் மொத்த நீளம் 30,000 மைல்! ஊரைக் காத்த மானியமும் வருவாயும் படிப்படியாகக் கைமாறின. பணம் ஊரை விட்டுப் போயிற்று. பணி மட்டும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்றது அரசு. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. குடிமராமத்து என்ற இனிய பெயருக்குப் பின்னால் கட்டாயம் நின்றது. கட்டாயத்தால் கரை உயரவில்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கியது.

பழங்கதை என்று எண்ண வேண்டாம், தோழர்களே! 2019 சூலை 2. மராட்டிய மாநிலம், இரத்தினகிரி மாவட்டம், திவரே என்ற சிற்றூர். அங்கிருந்த சிறிய மண் அணை இரவிலே உடைந்தது. ஏறத்தாழ இருபது உயிர்கள் வெள்ளத்தோடு போயின. கசிவைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று ஊரார் அழுதனர். துறை அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? நண்டுகள் உடைத்துவிட்டன என்றார்!

அன்று கரையைக் காத்தது கடவுள். இன்று கரையை உடைத்தது நண்டு. இடையிலே மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? நண்டு வளை தோண்டும். அது அதன் இயல்பு. வளையைக் கண்டு அடைப்பது மனிதனின் கடமை. நண்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர், கரையைச் சுற்றிவர ஆள் வைக்கவில்லை என்ற உண்மைக்குத் தாமே சாட்சி சொல்லிவிட்டார்.

2021-இல் இந்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளில் குறிப்பிட்ட அளவு பெரியவையும் அதில் அடங்கும். நம் சிற்றூர் ஏரிக் கரைகளோ அந்த உயரத்தை எட்டுவது அரிது. தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணுக்குச் சிறியவை. கரையின் கீழே குடியிருப்பவருக்கு அவை சிறியவையா? 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்த ஏரிகளின் கீழிருந்தவர்களைக் கேளுங்கள்!

2017 முதல் குடிமராமத்து என்ற பெயர் அரசுத் திட்டமாக மீண்டது. பெயர் மீண்டால் போதாது. கரையைக் காப்பவருக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டும். பாசனச் சங்கத்தில் நிலமுடையவருக்கு உள்ளதுபோல், நிலமில்லாத நீர்க்கட்டிக்கும் குரல் வேண்டும். கலிங்கும் வாய்க்காலும் அடைபட்டால் கேட்கும் துணிவு ஊருக்கு வேண்டும்.

பள்ளியிலே, ஏரி வெட்டிய மன்னன் யார் என்று மாணவரைக் கேட்கிறோம்; விடை சொன்னால் மதிப்பெண் தருகிறோம். அதைக் காத்தவர் யார் என்று கேட்பதில்லை. பாடநூலில் அதற்கு விடையில்லை. இளைஞர்களே, அந்த விடையை உங்கள் ஊர்க் கரையில் தேடுங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து வாருங்கள். வளைகளை எண்ணுங்கள், கலிங்கைப் பாருங்கள், நீர்க்கட்டியின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லையென்றால், உங்கள் ஏரி காவலற்றுக் கிடக்கிறது என்று பொருள். கோயிலில் எத்தனை வில் இருந்தாலும் அந்தக் கரைக்குக் காவல் ஆகாது!